திறப்பு விழா நெரிசலில் நவீனக் கலைக் கண்காட்சி: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு

சோதனை முயற்சிக் கலை பார்க்க நமக்குப் பக்கத்து ஊர் பெங்களூருதான். கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறந்த மேப் (MAP) என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம், அரண்மனை சாலையில் தேசிய நவீனக் கலைக்கூடம், குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத். விழா பெரும்பாலும் சாயங்காலம்தான், ஓசூர் ரோடு அடைத்துக்கொள்ளும் நேரம்.

ஆறு மணி விழாவுக்குக் கிருஷ்ணகிரியில் இரண்டு மணிக்கும் தருமபுரியில் ஒரு மணிக்கும் பஸ் ஏறிவிடுங்கள். கடைசிவரை பஸ்ஸிலேயே போனால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். பொம்மசந்திராவில் இறங்கி மஞ்சள் பாதை மெட்ரோ பிடியுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் மேப் நடக்கிற தூரம். பொம்மசந்திராவில் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்காதென்றால் ஓசூரில் இறங்கி வேறு பஸ் மாறலாம்.

பெரிய பை வேண்டாம். அதை வெளியே வைக்கச் சொல்வார்கள். கிளம்பும்போது பையைத் திரும்ப வாங்க எல்லோரும் ஒரே நேரத்தில் டோக்கன் நீட்டுவார்கள்.

குத்துவிளக்கு ஏற்றி உரை ஆரம்பித்ததும் கூட்டம் மேடைப் பக்கம் நிற்கும். அரங்குகள் காலியாக இருப்பது அந்த அரைமணிதான். கடைசி அறையிலிருந்து முன்னோக்கி வாருங்கள். உரை கேட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இந்த யோசனை உதவாது.

நிகழ்த்துக் கலை, அதாவது கலைஞரே பார்வையாளர் முன் செய்துகாட்டும் படைப்பு, இருந்தால் அதற்கே முதலிடம். மற்றவை வாரக்கணக்கில் இருக்கும். அது அன்றைக்கு மட்டுமே நடக்கலாம். பத்து நிமிடம் முன்பே போய்ச் சுவரோரம் நில்லுங்கள். நடுவில் நின்றால் கலைஞர் நகரும்போது உங்களையும் நகர்த்துவார்கள்.

தரையைப் பார்த்து நடப்பது முக்கியம். பெங்களூருக் கலைஞர் ஷீலா கௌடா 1998-ல் செய்த ஒரு படைப்பில், ஊசிகளில் கோத்த நூலைக் குங்குமம் பூசிக் கயிறாகத் திரித்திருப்பார். கயிறு சுவரிலிருந்து தொங்கித் தரையில் சுருண்டு கிடக்கும், நுனியில் ஊசிக்கொத்து. இப்படிப்பட்ட படைப்புக்குப் பக்கத்தில் துப்பட்டா உரசினாலே நிறம் ஒட்டும், வடிவம் கலையும். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்பவர்கள்தான் அதிகம் மிதிப்பார்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

வீடியோ அறையில் புரொஜக்டருக்கும் திரைக்கும் நடுவே நிற்காதீர்கள், நிழல் விழும். பெயர்ப்பலகையில் ஓடும் நேரம் போட்டிருக்கும். பன்னிரண்டு நிமிடம் என்றால் இருந்து பாருங்கள். ஒரு மணி நேரம் என்றால் இன்னொரு நாள். ஆள் வருவதை உணர்ந்து இயங்கும் சென்சார் வைத்த படைப்புகள் நெரிசலில் ஓயாமல் தூண்டப்பட்டுத் தாறுமாறாக ஓடும். அதை வைத்துப் படைப்பை எடைபோட வேண்டாம்.

பெயர்ப்பலகையில் பொருள் என்ன என்று பாருங்கள். கருங்கல், பட்டுக்கூடு, புளி என்றிருந்தால் பெங்களூருக்காரரைவிட நமக்குக் கூடுதலாகவே தெரியும். கலைஞர் பக்கத்தில் நின்றால் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்காமல், “இந்தக் கல்லை எங்கே எடுத்தீங்க, எப்படி அறுத்தீங்க?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அழைப்பிதழில் அச்சடித்த பதிலே கிடைக்கும்.

விட்டுப்போனதைப் பார்க்கச் செவ்வாய், புதன் மதியம் போங்கள். மேப்புக்கும் தேசிய கலைக்கூடத்துக்கும் திங்கள் விடுமுறை. விழா அன்று எட்டு மணிக்காவது கிளம்பி, பொம்மசந்திரா வந்து ஓசூர் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சேலம், தருமபுரி போகிற வண்டி வரும்.