இரண்டு பேர், இரண்டு பை

நண்பரோடு நாலைந்து நாள் மலையேற்றம் போகிறீர்களா? இமாச்சலப் பிரதேசத்தில் குலுவிலிருந்து லாஹவுலுக்குக் கடக்கும் ஹம்ப்டா கணவாய் (சுமார் 4,270 மீட்டர்) மாதிரியான பாதை என்றால், சுமையை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். கூடாரம் ஒருவரிடம், அடுப்பும் பாத்திரமும் மற்றவரிடம். ஆனால் மழைக்கோட்டு, டார்ச், தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு ஆகியவற்றைப் பங்கு போடவே கூடாது. இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். பனிமூட்டத்தில் கொஞ்சம் பிரிந்தாலே ஆளைக் காண முடியாது. அப்போது டார்ச் அவர் பையில் இருந்து என்ன பயன்?

அப்புறம், அரிசி வேண்டாம். 4,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேகாமல் நிற்கும், கேஸ்தான் தீரும். நம்ம அவலும் சேமியாவும் போதும். செல்போன், பவர் பேங்க் இரண்டையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும்.

3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் அது உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறியாக இருக்கலாம்; அன்று ஏற்றம் நின்றது. "எனக்கு ஒன்றும் இல்லடா" என்று நண்பர் சொல்வார். அதை விடுங்கள், நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், விடியட்டும் என்று காத்திராமல் கீழே கூட்டிவந்துவிடுங்கள்.