காஸ்ட்ரிக் பைபாஸ்: முன்னும் பின்னும் என்ன நடக்கும், படிப்படியாக

நான் கோபிப் பக்கம். 118 கிலோவில், எடை குறைக்கச் செய்யும் இந்த இரைப்பை ஆபரேஷனைச் செய்துகொண்டேன். மயக்கத்தில் கிடந்த நேரம் எனக்குத் தெரியவே தெரியாது, கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம் சாப்பாட்டு இலைக்கு முன்னால்தான் வந்தது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

படி 1: கணக்கு போடுங்கள்

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. நம் நாட்டில் பொதுவாக 37.5-க்கு மேல் இருந்தால், அல்லது சுகர், பிரஷர், தூக்கத்தில் மூச்சு நிற்கும் குறட்டை போன்றவற்றோடு 32.5-க்கு மேல் இருந்தால், ஆபரேஷனைப் பற்றி டாக்டர் பேசுவார். ஐந்தடி ஐந்தங்குல ஆளுக்கு 37.5 என்பது சுமார் 102 கிலோ. ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது 40, அல்லது கட்டுக்கு அடங்காத சுகர் மாதிரி பெரிய தொந்தரவோடு 35. காத்திருப்புக் காலமும் இருக்கும். பாலிசியை முதலில் படித்துவிடுங்கள், அட்மிஷன் கவுண்டரில் நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

படி 2: உள்ளே என்ன செய்கிறார்கள்

தடப்பள்ளி வாய்க்காலில் பாயும் காடு வைத்திருப்பவர்களுக்குச் சட்டெனப் புரியும். இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி, அதாவது காபி டம்ளரில் கால்வாசி பிடிக்கும் அளவுக்கு ஒரு சின்னப் பையைத் தனியே பிரித்துவிடுகிறார்கள். சிறுகுடலைக் கொஞ்சம் கீழே வெட்டி, அந்தக் கீழ் முனையை மேலே இழுத்துப் பையோடு சேர்க்கிறார்கள். மிச்ச இரைப்பையை எடுப்பதில்லை. அது உள்ளேயே கிடந்து சுரக்கும், அந்தச் சாறு கீழே போடும் இன்னொரு இணைப்பு வழியாக வந்து சேரும். பழைய மடையை அடைத்துப் புது வாய்க்கால் வெட்டிய கதைதான். பையின் அளவு மட்டுமல்ல, குடல் ஹார்மோன்களும் மாறுவதால் பசியே குறையும். பலருக்கு எடை இறங்கும் முன்பே, சில நாட்களில் சுகர் இறங்கிவிடும்; அதனால் பழைய மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்காமல் தொடரக் கூடாது.

படி 3: முந்தைய இரண்டு வாரம்

எண்டோஸ்கோப்பி, ரத்தம், இதயம் எல்லாம் பார்ப்பார்கள். ஈரல் சுருங்குவதற்காகக் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். "கடைசியாக ஒரு பிடி" என்று பிரியாணிக் கடைக்குப் போகாதீர்கள், ஈரல் பெருத்திருந்தால் சர்ஜனுக்குத்தான் சிரமம். பீடி சிகரெட் அதற்கும் முன்பே நின்றிருக்க வேண்டும்.

படி 4: ஆஸ்பத்திரி

வயிற்றில் ஐந்தாறு சின்னத் துளைகள்தான். அன்றைக்கே எழுப்பி நடக்க விடுவார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீடு. ஆனால் வந்தபின் இதயம் விடாமல் படபடத்தாலோ, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தையல் கசிவாக இருக்கலாம், உடனே கிளம்புங்கள்.

படி 5: மறுபடி சாப்பிடப் பழகுவது

முதலில் தெளிந்த நீர், அப்புறம் இரண்டு வாரம் போல மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர். பிறகு மசித்தது, பிறகு மெத்தென்று வெந்தது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பை மையக் கடைந்து சலித்துக் கொடுத்தார்கள், அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு நாளைக்குப் புரோட்டீன் 60 முதல் 80 கிராம் போக வேண்டும், ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம்தான். எனவே தட்டில் முதலில் பருப்பு, முட்டை, மீன். அரிசிம்பருப்பு சாதம் கடைசியில், இடமிருந்தால். ஒரு வாய்க்கு இருபது மெல்லு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரைமணி இடைவெளி விடுங்கள்.

இனிப்பு தனிக் கதை. மூன்றாம் மாதம் பெருந்துறையில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். "ஒண்ணே ஒண்ணுங் மாப்பிள்ளை" என்று நெய் ஊற்றி ஒப்புட்டு வைத்தார்கள், மறுக்க வாய் வரவில்லை. இருபது நிமிடத்தில் வேர்வை கொட்டியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வயிற்றை முறுக்கியது. கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டேன். மாரடைப்பு என்று வீடே அலறிவிட்டது. டம்பிங் என்பார்கள்: சர்க்கரை நேரே குடலில் போய் விழுவதால் வருவது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சுகர் சரேலென இறங்கிக் கை நடுங்கும்.

படி 6: ஆயுள் முழுக்க

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கி விழுங்காதீர்கள், இணைப்பில் புண் வரும். பெண்கள் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். மூன்றாம் மாதம் முடி கொட்டும், பயம் வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளரும். எடை ஒன்று ஒன்றரை வருடத்தில் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இறங்கும், நடுநடுவே வாரக்கணக்கில் நகராமலும் நிற்கும்.

கல்யாணப் பந்தியில் கரண்டியோடு வருகிறவரிடம் டயட் என்று சொல்லிப் பயனில்லை, சிரித்துக்கொண்டே ஊற்றுவார். "வயித்துல ஆப்பரேசனுங்" என்று சொல்லுங்கள், அடுத்த இலைக்குப் போய்விடுவார்.