மைவி விலைக்கு ஜெர்மன் காடி: சர்வீஸில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஈப்போவில் ஓர் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் காடியை விட்டு எடுத்து வந்தேன். பில் 2,750 வெள்ளி 40 சென். சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் வழி நெடுக அந்தத் தாள் பக்கத்து சீட்டில் கிடந்தது. வீட்டுக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். திட்டுவதற்கு ஆள் தேடித்தான் படித்தேன், கிடைக்கவில்லை. கவுண்டரில் நான்கு இடத்தில் “சரி” என்று தலையாட்டியவன் நான்தான்.

நம் ஊர்ப் பக்கம் இப்போது பழைய சொகுசு காடிகள் நிறையவே ஓடுகின்றன. செம்பனைக் குலை லோரிக்குப் பின்னால் அவுடியின் நான்கு வளையமோ மெர்சடிஸின் மூன்று முனை நட்சத்திரமோ மின்னுவது புதுமை இல்லை. மகன் கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருப்பான், தோட்டத்தில் மாடாய் உழைத்த அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பான். நான் என்னுடையதை 58,000 வெள்ளிக்கு வாங்கினேன். பெரோடுவாவின் சின்னக் காடியான மைவியின் புது மேல் மாடலுக்கும் கிட்டத்தட்ட அதே விலைதான். காடி புதிதாக வந்தபோது இரண்டு லட்சத்துக்கு மேல். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. வாங்கியது மைவி விலைக்கு என்பதால், பராமரிப்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதானே என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் அந்தக் காடியின் வாட்டர் பம்புக்கும் பிரேக் பேடுக்கும் நீங்கள் வாங்கிய விலை தெரியாது. இரண்டு லட்சம் வெள்ளி காடிக்கு என்ன விலையோ அதே விலையில்தான் அவை இன்றும் வருகின்றன. காடிக்கு வயதானதால் கூடுதலாகவும் கெடுகின்றன.

சாலை வரி இன்னும் ஏமாற்றும். என் காடி 1,796 சிசி. வரி ஆண்டுக்கு 278 வெள்ளி 40 சென். “பார்த்தாயா, சாதாரணக் காடி மாதிரிதான்” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். தீபகற்பத்தில் செடான் போன்ற சொந்தப் பயன்பாட்டுக் காடிகளுக்கு இந்த வரி என்ஜின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுவது. சின்ன என்ஜினில் டர்போ வைத்த காடியென்றால் வரி குறையும், சாமான் விலை குறையாது. 2,996 சிசி என்றால் அதே வரி 2,120 வெள்ளி, 3,498 சிசி என்றால் 4,371 வெள்ளி. ஆகவே பெரிய என்ஜின் வாங்குபவனுக்கு வரித் தாளே எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. என்னைப் போன்றவனுக்கு அதுவும் இல்லை.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது

“நான் எங்கே ஓட்டுகிறேன்? வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்தான். சர்வீஸ் எதற்கு?” இதைச் சொல்லாத ஓய்வுபெற்றவரை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. பல ஐரோப்பியக் காடிகளுக்கு இங்கே கணக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் காதில் வாங்குவதில்லை.

வீட்டில் இருந்து மார்க்கெட், அங்கிருந்து கோயில், பிறகு பேரனை அழைத்துவரத் தமிழ்ப்பள்ளி. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிலோமீட்டர். என்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. பேட்டரியும் முழுதாகச் சார்ஜ் ஆவதில்லை. நெடுஞ்சாலையில் இருபதாயிரம் ஓடிய ஆயிலைவிட, ஊருக்குள் ஐந்தாயிரம் ஓடிய ஆயில் மோசமாக இருக்கலாம்.

தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. என் மச்சான் வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையில் லோரி ஒன்று முன்னால் போனால், பின்னால் வருகிற காடி அரை மைல் தூரம் புழுதியைத்தான் மூச்சாக இழுக்க வேண்டும். போன வருடம் அவர் காடியின் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஃபோர்மன் சிமெண்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மிளகாய்த்தூள் டப்பா கவிழ்ந்த மாதிரி சிவப்பாகக் கொட்டியது. அது சர்வீஸ் கெடுவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்த ஃபில்டர். அட்டவணை எழுதியவர் அந்தப் பாதையைப் பார்த்திருக்க மாட்டார். ஏர் ஃபில்டர், ஏர்கோன் ஃபில்டர் இரண்டையும் பாதிக் கெடுவிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல காடிகளில் நாமே திறந்து பார்க்கலாம், நாலைந்து கிளிப்தான்.

பில்லைப் படிக்காமல் பணம் கட்டுவது

என் பில்லைப் பிரித்துப் போடுகிறேன். கூலி 780 வெள்ளி. அதன்மேல் சேவை வரி 62.40. சாமானும் ஆயிலும் 1,610. “இதர பொருட்கள்” என்று 38. மூன்று பாட்டில் திரவம் 260.

கூலியில் இருந்து தொடங்குவோம். பிஎம்டபிள்யூ, மெர்சடிஸ் போன்ற பிராண்டுகள் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அலகு நேரம் என்று முன்பே வகுத்து வைத்திருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 12 அலகு, அதாவது அலகுக்கு ஐந்து நிமிடம். மெக்கானிக் அதைவிட வேகமாக முடித்தாலும், நடுவில் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும், பில்லில் ஏறுவது அந்த அலகுதான். இது நியாயமான முறைதான். ஆனால் இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் நடக்கும்போது கண் திறந்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றினால்தான் வாட்டர் பம்பைக் கழற்ற முடியும் என்றால், பெல்ட் கழற்றும் நேரம் இரண்டு வரியிலும் வரக் கூடாது. “இந்த இரண்டுக்கும் கூலி சேர்ந்து வருகிறதா, தனித்தனியா?” என்று கேட்டால் போதும். சண்டை போட வேண்டியதில்லை.

சேவை வரி 2024 மார்ச் 1-இல் இருந்து 6 விழுக்காட்டில் இருந்து 8 ஆக ஏறியது. ஆண்டு வருமானம் 5 லட்சம் வெள்ளியைத் தாண்டிய பட்டறைகள்தான் இதை வசூலிக்க வேண்டும். நம் ஊர் ஒற்றை ஆள் பட்டறையின் ரசீதில் இது இல்லாததற்கு அதுதான் காரணம், சலுகை என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம் அந்த மூன்று பாட்டில். ஒன்று இன்ஜெக்டர் சுத்தம் செய்ய, ஒன்று பழைய ஆயிலை இறக்கும் முன் என்ஜினைக் கழுவ, ஒன்று ஏர்கோன் வாடைக்கு. சர்வீஸ் அட்வைசர் நல்ல பையன், “அங்கிள், இதையும் போட்டால் என்ஜின் ஸ்மூத்தாக இருக்கும்” என்றான். எனக்குக் குளிர்சாதன அறையும் இலவச காப்பியும் பழக்கமில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலை 260 வெள்ளி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது கம்பெனி அட்டவணையில் இருக்கிறதா, நீங்கள் பரிந்துரைப்பதா?” பரிந்துரை என்றால் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்வதும் தவறு. அதையும் செய்திருக்கிறேன். முந்தைய சர்வீஸில் பிரேக் எண்ணெய் மாற்றுவதை வெட்டிச் செலவு என்று மறுத்தேன். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். கேமரன் மலையில் இருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக் மெத்தென்று உள்ளே போனபோதுதான் அந்த வரி ஏன் இருந்தது என்று தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது அது.

பயந்து ஓடுவது

ஒரு பெரிய பில்லைப் பார்த்ததும் பலர் சர்வீஸ் சென்டரை அடியோடு விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளையும் லோரியையும் பார்க்கிற பட்டறைக்குக் காடியைக் கொண்டுபோகிறார்கள். நம் ஊர் ஃபோர்மன்களின் கையைக் குறை சொல்ல மாட்டேன். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்பவர்கள் அவர்கள். ஆனால் இந்தக் காடிகள் பாதி இரும்பு, பாதி கணினி.

பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புது பேட்டரி மாற்றினால் அதைக் காடியின் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து அது சார்ஜ் ஏற்றும், புது பேட்டரி சீக்கிரம் போய்விடும். ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் பிடித்து வைக்கும்) வகை இருந்த இடத்தில் சாதாரண பேட்டரியை வைத்தாலும் இதே கதைதான்.

ஆயிலும் அப்படித்தான். டப்பாவின் முன்பக்கம் 5டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மை எண் இருந்தால் போதாது. பின்பக்கம் திருப்பினால் மெர்சடிஸின் எம்பி 229.5, பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-04 என்பது போன்ற பிராண்டு ஒப்புதல் எண் இருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தக் கடையில் வாங்கியதானாலும் கவலை வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமா, கூலண்ட் குறைவு என்று விளக்கு எரிந்ததும் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். மறு வாரம் பச்சை நிறக் கூலண்ட் ஒரு போத்தல். கசிந்த இடம் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதை யாரும் தேடவில்லை. கடைசியில் ஒரு நாள் கோலகங்சார் சாலையில் ஆவி கிளம்பி நின்றது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. குழாயை அன்றே மாற்றியிருந்தால் சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கும் வேலை.

நடுவழி ஒன்று உண்டு. ஈப்போ போன்ற ஊர்களில், சர்வீஸ் சென்டரில் பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டுத் தனியாகப் பட்டறை போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு பிராண்டை மட்டும் பார்ப்பார்கள், அதற்கான கணினிக் கருவியும் வைத்திருப்பார்கள். நான் இப்போது போகும் தம்பி அப்படிப்பட்டவர். முதல் நாளே மேசையில் இரண்டு பெட்டியை வைத்தார். ஒன்றில் காடி பிராண்டின் முத்திரை, இன்னொன்றில் லெம்ஃபோர்டர் என்ற பெயர். உள்ளே இருந்த சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டும் பார்க்க ஒன்றுதான்.

“அண்ணே, செய்கிறவன் ஒருத்தன்தான். இந்தப் பெட்டியில் முத்திரைக்கும் சேர்த்துக் காசு” என்றார்.

இசட்எஃப், போஷ், மாலே, மான், சாக்ஸ் போன்ற நிறுவனங்கள் காடிக் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுப்பவை. அதே தரத்தைத் தங்கள் பெயரிலும் விற்கின்றன. இதைப் பெயரில்லாத மலிவுச் சாமானோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி அவரிடம்தான் முதலில் கேட்டேன். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று பிஎம்டபிள்யூ பல மாடல்களுக்குச் சொல்லிவந்தது. அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. முதல் உரிமையாளர் விற்கும் வரைக்கும் தாங்கும். வாங்கின நாம்தான் இரண்டாவது, மூன்றாவது ஆள்.

வெளிநாட்டுப் பழைய காடிகளை வெட்டி எடுத்த சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு இவையெல்லாம் அங்கே வாங்கலாம், நானே வாங்கியிருக்கிறேன். வாட்டர் பம்ப், அப்சார்பர், ஏர்பேக் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உத்தரவாதம் இருக்கும்போது

காடி இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் மேலே சொன்ன நடுவழி பொருந்தாது. சர்வீஸ் சென்டரிலேயே, கெடு தவறாமல் செய்யுங்கள். சர்வீஸ் பேக்கேஜ் இருந்தால் அதில் என்ன இல்லை என்பதைப் படியுங்கள். பிரேக் பேட், வைப்பர், டயர் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். புதிய காடிகளில் சர்வீஸ் புத்தகம் தாளில் இல்லை, கம்பெனிக் கணினியில் ஏறுகிறது. விற்கும்போது வாங்குபவன் அதைத்தான் கேட்பான்.

வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான ரீகோன் காடி வாங்கியவர்கள், இங்கே புதிதாக விற்ற காடிக்குக் கிடைக்கும் உத்தரவாதம் தங்களுக்கும் உண்டு என்று நினைத்து ஏமாறுவது வழக்கம். அது வேறு, இது வேறு.

உத்தரவாதம் முடிந்த பழைய காடிக்கும் சர்வீஸ் சென்டர் காசு வாங்காமல் செய்ய வேண்டிய ஒன்று ரீகால், அதாவது குறையுள்ள சாமானுக்காகக் கம்பெனியே காடியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது. தக்காத்தா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் குறையால் உலகம் முழுக்கத் திரும்ப அழைக்கப்பட்ட விவகாரத்தில் பிஎம்டபிள்யூ, மெர்சடிஸ் காடிகளும் இருந்தன. வெப்பமும் ஈரமும் நீண்ட காலம் படும்போது அதில் உள்ள வெடிமருந்து கெடுகிறது. நம் நாட்டு வானிலைக்கு அது பொருந்தாமல் இருக்குமா? காடியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பாக்கி ரீகால் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்வீஸுக்கு அங்கே போகாவிட்டாலும் கேட்கலாம்.

தகராறு வந்துவிட்டால், முகநூலில் எழுதுவதற்கு முன் ஒன்று செய்யலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் எழுதிய மதிப்பீடு, முடிந்த பின் முழு ரசீது. கழற்றிய பழைய சாமானையும் காடியின் பின்பெட்டியில் போடச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் கொடுப்பார்கள், மாலையில் போய்க் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் 300 வெள்ளி ஒரு மைலோ டின்னில் விழுகிறது. காடித் தவணையோடு சேர்த்து அதுவும் ஒரு தவணை என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். டின்னில் இன்றைக்கு 900 வெள்ளி இருக்கிறது. முன்பக்க அப்சார்பர் இரண்டும் கசிய ஆரம்பித்திருப்பதாகத் தம்பி நேற்றுப் படம் அனுப்பியிருக்கிறார்.