அரிச்சல்முனைச் சாலையை ஒன்றரை நிமிடத்தில் காட்ட: சைக்கிளில் எடுத்த படங்களால் ஒரு டைம்லாப்ஸ்

டைம்லாப்ஸ் என்றால், இடைவெளி விட்டு எடுத்த படங்களை வரிசையாக ஓட்டி, நீண்ட நேரத்தைச் சுருக்கிக் காட்டும் வீடியோ. ராமேஸ்வரம் தீவில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை ஒன்பதரை கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தால் 38 நிமிடம் ஆகும். ஹேண்டில்பாரில் கேமராவை மாட்டி, நொடிக்கு ஒரு படம் எடுக்கும்படி இன்டர்வல் வைத்தால் ஏறக்குறைய 2,300 படங்கள் சேரும். நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டினால் ஒன்றரை நிமிட வீடியோ. 32 ஜிபி கார்டு தாராளமாகப் போதும்.

"வீடியோவாகவே எடுத்து வேகமாக ஓட்டிவிடலாமே, மாமா?" என்று அக்கா மகன் கேட்கிறான். ஓட்டலாம்தான். ஆனால் புகைப்படமாக எடுத்தால் ஒவ்வொன்றும் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். வீடியோவுக்கு வேண்டியது 1920க்கு 1080. நாலு ஓரத்திலும் மிஞ்சும் அந்த இடம்தான் பிறகு குலுக்கலைச் சரிசெய்யக் கைகொடுக்கிறது. அதோடு, வேண்டாத படத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடலாம்.

கேமராவை ஹேண்டில்பாரின் நடுவில், அதைத் தாங்கும் தண்டை (ஸ்டெம்) ஒட்டி மாட்டுங்கள். ஓரத்துக்குப் போகப் போக ஆட்டம் கூடும். கிளாம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு சுற்று சுற்றினால் அதிர்வு நன்றாகக் குறையும். போனை மாட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்தது. சைக்கிளில் அவ்வளவு அதிர்வு கிடையாது. ஆனாலும் பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்று கிடைத்தால் அதுவே நல்லது.

வெளிச்சத்துக்கு வருவோம். இந்தச் சாலை தென்கிழக்காக நீள்கிறது. காலையில் போகும்போது வெயில் நேராக லென்ஸில் இறங்கும். அதனால் போகும்போது சும்மா போய்விட்டு, திரும்பும்போது எடுங்கள். முதுகில் வெயில் இருக்கும், கடலின் நிறமும் சரியாக வரும். உங்கள் நிழல் சாலையில் முன்னால் ஓடுவதும் படத்தில் விழும். எனக்கு அது பிடிக்கும். வேண்டாம் என்றால் வெயில் ஏறும்வரை பொறுங்கள், அல்லது பிற்பகலில் போகும்போதே எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

வெளிச்சத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ மோடில் விட வேண்டாம். வெள்ளை மணலைப் பார்த்தால் படத்தை இருட்டாக்கும். ஒரு பேருந்து கடந்தால் வெளிச்சமாக்கும். வீடியோவில் அது மின்னி மின்னித் தெரியும். ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100, நிறத்துக்கான ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சம் என்று நிறுத்திவிட்டு, மணல் வெளுத்துப்போகாத அளவுக்கு ஷட்டர் வேகத்தை வையுங்கள். போன் என்றால் பெரும்பாலானவற்றில் திரையை விரலால் அழுத்திப் பிடித்தாலே வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயம், காற்று. கேமரா நேரத்தைப் பார்த்துப் படம் எடுக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ தூரம். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நாலு மீட்டர் இடைவெளி. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தங்கச்சிமடத்திலிருந்து மேற்கே பாம்பனை நோக்கி மிதித்துப் பாருங்கள், வேகம் பாதியாகிவிடும். இடைவெளி இரண்டு மீட்டராகச் சுருங்கி, வீடியோ அந்த இடத்தில் இழுவையாக இருக்கும். அந்தப் பகுதியில் ஒன்று விட்டு ஒன்றாகப் படங்களை நீக்குங்கள், சரியாகிவிடும். டீக்கு நின்ற இடத்தில் எல்லாவற்றையும் நீக்குங்கள். எங்கே வேகம் குறைந்தது என்று தெரிய, போனில் பயணத்தைப் பதியும் செயலி ஒன்றை ஓடவிட்டு, கேமரா கடிகாரத்தை முன்கூட்டியே போனோடு ஒத்துவையுங்கள்.

இதையே வேண்டுமென்றும் செய்யலாம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் பழைய தேவாலயம் கண்ணில் படும்போது வேகத்தைக் குறையுங்கள். படங்கள் நெருக்கமாக விழும். வீடியோவில் அந்தச் சுவர்கள் சற்று நேரம் தங்கும். அந்த ஊரை யாரும் சட்டென்று கடந்து போகக் கூடாது என்பது என் எண்ணம்.

இருபுறமும் கடல் என்பதால் இங்கே ஒரு நொடி இடைவெளி போதும். பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் தென்னையும் உடைமரமும் ஓரத்திலேயே நிற்கும். பக்கத்தில் இருப்பவை படத்துக்குப் படம் தாவும் என்பதால் அங்கே அரை நொடி வையுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் 2025இல் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம் தெரியும் பக்கமாகக் கேமராவைக் கொஞ்சம் மட்டும் திருப்புங்கள். முழுதாகத் திருப்பினால் கைப்பிடிச் சுவர்தான் துடித்துக்கொண்டிருக்கும். பாலத்தில் பக்கக்காற்று சைக்கிளைத் தள்ளும், பேருந்துகள் உரசிப் போகும்; அங்கே கேமராவைத் தொடவே தொடாதீர்கள்.

லென்ஸில் உப்புப் படலம் பிடிக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சைக்கிள் செயினையும் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விடுங்கள்.

அப்புறம் கணினி வேலை. சில கேமராக்கள் 999 படத்துக்கு ஒருமுறை புது ஃபோல்டர் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, எடுத்த நேரப்படி வரிசையாக எண்ணிட்டுப் பெயர் மாற்றுங்கள். நீக்க வேண்டியதை முதலில் நீக்கிவிட்டுத்தான் எண்ணிட வேண்டும். நடுவில் எண் விடுபட்டால் மென்பொருள் அங்கேயே தொடரை முறித்துவிடும். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். எண் வரிசையில் உள்ள படங்களை அது ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். குலுக்கலைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் கொடுத்து, ஓரத்தில் பத்து சதவீதம் வரை வெட்டுப்பட்டாலும் விட்டுவிடுங்கள், தெளிவு குறையாது. கடைசியாகத் தொடுவானம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மலையோ கட்டடமோ மறைக்காத இடம் என்பதால் ஒரு டிகிரி சாய்வுகூட உடனே தெரியும். அதை நிமிர்த்திவிட்டு, நொடிக்கு 25 படம் என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.