சிடுமூஞ்சிக் கிழவரைக் கதையில் கெடுக்கும் தவறுகள்

சிடுசிடுத்த ஒரு முதியவர், வயதுபோன காலத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரு கூட்டாளி. படிக்கச் சுகமான கதைதான், எழுத உட்கார்ந்தால்தான் காலை வாரும். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வைத்து எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது வீட்டு விசயத்தில்.

பரம்பரை வீட்டில் தனியாக இருந்துகொண்டு, வேலிக்கு வெளியே போகிறவர்களையெல்லாம் ஏசும் கிழவர் வேறு ஊர் ஆள். இங்கே தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். பெற்றோர் பின்பக்கத்து அறைக்கோ, அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ ஒதுங்குவார்கள். தான் கல் சுமந்து கட்டிய வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்க மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டிய மனுசனுக்குச் சிடுசிடுப்பு வராமல் வேறென்ன வரும்? நாற்பது, ஐம்பது வருசத்துக்கு முன்னர் அவரும் இப்படித்தான் மாமனார் வளவுக்குள் நுழைந்தவர். அதையும் சேர்த்துவிட்டால் கோபத்துக்குள் கொஞ்சம் வெட்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது, 2004 டிசம்பர் 26ஐக் கதையின் சாவியாக்குவது. ஐந்து பக்கம் ஏசித் திரிவார். ஆறாம் பக்கத்தில் அலுமாரியிலிருந்து மனைவியின் படம் விழும், கடல் கொண்டுபோனது தெரியவரும், உடனே நாம் அவரை மன்னித்துவிட வேண்டும். 1950இல் கல்லடியில் பிறந்த ஒருவரை எடுங்கள். 1978 நவம்பர் சூறாவளி தென்னைகளை முறித்துப் போட்டபோது அவருக்கு 28 வயது. பிறகு யுத்தம். சுனாமி வந்தபோது 54. அவர் வயதுக்காரர் எல்லாருக்கும் இதே கணக்குத்தான், ஆனால் எல்லாரும் சிடுமூஞ்சிகள் இல்லை. சிலர் ஊரையே சிரிக்க வைக்கிறவர்கள். இழப்பு இருக்கட்டும், அதை மட்டும் காரணமாக்க வேண்டாம். இந்த மாதிரி ஆட்கள் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். வாய்க்கால் தண்ணீர், கோயில் கணக்கு, வேலி தாண்டி விழும் மாவிலை என்று எதையாவது பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் பாதி நியாயமாவது அவர் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெறும் கோமாளி.

நட்பு தொடங்கும் இடத்திலும் அவசரம் கூடாது. மாரடைப்பு, வெள்ளம், தோணி கவிழ்வது என்று எதையாவது வைத்து ஒருவரை ஒருவர் காப்பாற்ற விடுவது சோம்பேறித்தனம். கிளினிக் நாள் ஒன்றே போதும். ஆரையம்பதியில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், காத்தான்குடியில் ஒரு தையல்காரர், இருவருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. விடியவே போய் வரிசையில் இருக்க வேண்டும். முதல் மாதம் தையல்காரர் கண்ணாடியை மறந்து வந்து, கொப்பியில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லி நீட்டுவார். மற்றவர் எரிச்சலோடு வாசித்துக் கொடுப்பார். அடுத்த மாதம் வாங்கில் தன் பக்கத்தில் ஒரு பையை வைத்து இடம் பிடித்திருப்பார், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் ‘காக்கா’ என்ற சொல்லால் தையல்காரரைக் கூப்பிட்டு ஏசத்தான் செய்வார்.

“ஏன் காக்கா இவ்வளவு பிந்தி? உங்கட இடத்துக்கு நான் காவலா?”

“ஆர் உங்கள காவல் இருக்கச் சொன்ன?”

இருவருக்கும் இதற்கு மேல் வசனம் தேவையில்லை. ‘நீ என் உயிர் நண்பன்’ என்று ஒருவர் சொன்னால் கதை நாடக மேடைக்கு ஏறிவிடும். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம் என்பதற்காகப் பெருநாள் சாப்பாட்டுத் தட்டை வேலிக்கு மேலால் கைமாற்றி, பழையதெல்லாம் தீர்ந்ததாகக் காட்டுவதும் அப்படித்தான். தமிழர், முஸ்லிம்கள் என்று இரு பக்கமும் கொலைகள் விழுந்த 1990 எழுபது வயதுக்காரருக்கு மறக்காது. அதைத் தொடாமலே மாத்திரை விலையைப் பேசிக்கொண்டிருக்க அவர்களால் முடியும். எனக்கு அதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

முடிவில் பெரியவரைத் திருத்திவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். பேரனைத் தூக்கிக் கொஞ்சி, மருமகனிடம் மன்னிப்புக் கேட்டு, ஊருக்கே நல்லவராகிவிடுவார். சரி, பிறகு வாசகர் யாரைத் தேடுவார்? அவரை ஏச விடுங்கள். ஏச்சின் நடுவே, கிளினிக்குக்கு வராத தையல்காரரின் வீட்டு இலக்கத்தை மருமகனிடம் கேட்டு வாங்கினால் போதும். அந்தக் கேள்வியைக்கூட அவர் அதட்டித்தான் கேட்பார்.