சந்தன மரபணு ஆராய்ச்சிக்கு இலை எடுப்பது எப்படி?

கேரளத்தின் சந்தனக் காட்டூரான மறையூரில் சந்தனக் கொப்பைக் கையில் பிடித்தபடி ரோட்டில் நடந்தால் பத்தடிக்குள் யாராவது நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் வேலை அனுமதி. பக்கத்திலுள்ள சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் ஆராய்ச்சி என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடிதம் வேண்டும். அதன் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். உடுமலைப்பேட்டை ரோட்டில் செக்போஸ்ட் உண்டு. கூடவே மலையாளத்தில் ஒரு குறிப்பு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அடுத்து, திரவ நைட்ரஜன் வேண்டுமா என்று பாருங்கள். யாரும் இதுவரை முழு டிஎன்ஏவைப் படிக்காத செடி என்றால் வேண்டும். டிஎன்ஏ நீளமாகக் கிடைக்க, பறித்த கையோடு இலையை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்க வேண்டியிருக்கும். சந்தனத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் மரபணுத்தொகுதி (முழு டிஎன்ஏ வரிசை) 2018-லேயே வெளிவந்துவிட்டது. எங்கள் காட்டு மரங்களுக்குள் எவ்வளவு வேறுபாடு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, ஈரத்தை உறிஞ்சி இலையை உலர்த்தும் சிலிக்கா ஜெல் மணிகளே போதும். அப்படியிருந்தும் நைட்ரஜன் குடுவையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்களை என்ன சொல்ல!

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதானம் வேண்டும். சந்தனம் வேரிலிருந்தும் குருத்து விடும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே மரமாகவே இருக்கலாம். தள்ளித் தள்ளி எடுங்கள். வேரைத் தொடாதீர்கள்: அது அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்வதால் அவற்றின் டிஎன்ஏவும் கலந்து வரும். இலை சிறுத்து, கொத்தாக விறைத்து நிற்கும் கிளை ஸ்பைக் நோய் பிடித்தது. அதில் நோய்க் கிருமியின் டிஎன்ஏ சேர்ந்துவிடும். எந்த மரம் என்று புலையர், முதுவர் வாட்சர்களைக் கேளுங்கள். பைக்குள் கருவி இருக்கிறது என்பதற்காக அவர்கள் சொல்வதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கொழுந்துக்கு அடுத்த இளம் இலைதான் நல்லது. பனி காய்ந்த பிறகு பறித்து, துடைத்து, சிறு துண்டுகளாகக் கிழித்து, டீ பேக் காகிதத்தில் போட்டு, இலையைப் போல் பத்து மடங்கு எடையுள்ள சிலிக்காவோடு ஜிப் கவரில் மூடுங்கள். சிலிக்கா மணியின் நிறம் மாறினால் அன்றே மாற்றிவிடுங்கள். மறுநாள் இலை அப்பளம் போல் நொறுங்க வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் போய்விடும்.

ஆய்வகத்தில் இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்க வழக்கமான சிடிஏபி (செல்லைக் கரைக்கும் சோப்பு போன்ற வேதிப்பொருள்) முறைதான், 65 டிகிரி வாட்டர் பாத். இலையிலுள்ள பாலிபீனால் எனும் துவர்ப்புப் பொருட்களைப் பிடிக்கப் பிவிபி என்ற பொடியைச் சேருங்கள். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 பக்கம் வந்தால் சரி. சந்தனத்தின் மரபணுத்தொகுதி சுமார் 22 கோடி டிஎன்ஏ எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக முப்பது முறை படிக்க மரத்துக்கு 660 கோடி எழுத்து போதும். வரிசைப்படுத்தித் தரும் நிறுவனம் அதற்கு மேல் விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.

வரையாட்டுக்கும் இதே வழியா என்று கேட்பார்கள். இல்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவில் காலையில் கிடைக்கும் புதுப் புழுக்கையின் மேற்பரப்பை மட்டும் துடைத்து எடுக்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் புல்லும் பாக்டீரியாவும்.

கடைசியாகத் தரவைப் பொதுவில் ஏற்றும்போது சந்தன மரத்தின் ஜிபிஎஸ் புள்ளியைப் போடாதீர்கள். ‘மறையூர்’ என்று மட்டும் இருக்கட்டும். சரியான இடம் வனத்துறைக்குக் கொடுக்கும் அறிக்கையில் போதும்.