பழைய கிடங்குகளைப் படமெடுப்பது எப்படி? மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

கைவிடப்பட்ட கட்டடங்களைப் படமெடுக்கக் கிளம்பும் புதியவர்கள் பெரும்பாலும் உடைந்த சன்னலையும் துருப்பிடித்த பூட்டையும் சுவரைப் பிளந்து முளைத்த அரசங்கன்றையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படங்கள் எந்தப் பாழ்மனையிலும் கிடைக்கும். கிடங்கு சரக்குக்காகக் கட்டப்பட்டது என்பதால், அதன் வாசல் அகலம், கூரையின் உயரம், முற்றம், தண்ணீரை நோக்கிய பின்கதவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை படத்தில் தெரியும்படி எடுப்பதே நம் நோக்கம். எடுத்துக்காட்டாக, கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் காயலை, அதாவது உப்பங்கழியை, ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய மிளகு, சுக்குக் கிடங்குகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கட்டடத்தைப் படியுங்கள்

கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் கட்டடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். பஜார் ரோட்டுக் கிடங்குகள் பலவற்றுக்குத் தெருப்பக்கம் ஒரு வாசலும் நடுவே திறந்த முற்றமும் காயல் பக்கம் படகுத்துறையை ஒட்டிய இன்னொரு வாசலும் உண்டு. சரக்கு ஒரு பக்கம் வந்து, முற்றத்தில் காய்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, மூட்டையாகி, மறுபக்கம் படகேறியது. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் காயலைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்ட பிறகு கப்பல் சரக்கு மெல்ல அங்கே நகர்ந்தது. 2011-இல் கொச்சியின் வல்லார்பாடம் தீவில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. படகுத்துறைக் கதவுகள் பல மூடிக் கிடப்பதன் பின்னணி இதுதான். இதை அறிந்தவர் அந்தக் கதவை, அதற்கு அப்பால் தண்ணீரும் தெரியும்படி ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர முயல்வார்.

அனுமதியும் பாதுகாப்பும்

பூட்டிக் கிடக்கிறது என்பதால் உரிமையாளர் இல்லை என்று பொருளல்ல. பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது தண்டனைக்குரிய குற்றம். பக்கத்துக் கடைக்காரரிடமோ காவலாளியிடமோ உரிமையாளர் யார் என்று கேட்டு, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கொச்சியில் கடற்படையின் தென்மண்டலத் தலைமையகம் இருப்பதால், முறையான அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் பயிற்சி தடைப்படாது. 1867-இல் தொடங்கப்பட்ட ஆஸ்பின்வால் நிறுவனத்தின் பழைய வளாகம் ஃபோர்ட் கொச்சியில் காயலோரம் இருக்கிறது. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியின் முதன்மைக் களமாக அது பலமுறை அமைந்திருக்கிறது. இத்தகைய கண்காட்சிக் காலங்களில் பழைய கிடங்குகளுக்குள் பாதுகாப்பாக நடந்து பழகலாம்.

உள்ளே தனியாகப் போகாதீர்கள். மரத்தளம் போட்ட மச்சில் ஏறவே வேண்டாம், ஏனெனில் கரையான் அரித்த பலகை மேலே பார்க்க முழுதாகவே தெரியும். கனமான அடிப்பகுதி உள்ள காலணி, முழுக்கால் சட்டை, வௌவால் எச்சத் தூசிக்கு என்-95 முகக்கவசம், ஒரு டார்ச் ஆகியவை கேமராவைவிட முக்கியமானவை. கிடக்கும் சாக்கை வெறுங்கையால் புரட்டாதீர்கள். அடியில் பாம்போ தேளோ இருக்கலாம்.

கருவிகள்

கையில் இருக்கும் கேமராவே போதும். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. லென்ஸின் 18 மி.மீ. முனை பெரும்பாலான அறைகளுக்குப் போதுமானது. கைப்பேசியில் எடுப்பவர்கள் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். மிக அகன்ற லென்ஸ் ஓரத்துத் தூண்களை இழுத்துச் சாய்த்துவிடும். பணம் செலவழிப்பதென்றால் உறுதியான ஒரு முக்காலிக்குச் செலவழியுங்கள். கிடங்கின் உள்ளே வெளிச்சம் அவ்வளவு குறைவு.

நேரம்

மட்டாஞ்சேரியில் காயல் கிழக்கே இருப்பதால், கிடங்குகளின் தண்ணீர்ப்பக்கச் சுவர்களில் காலை வெயில் நேராக விழும். அந்த முகப்பை எடுக்கச் சிறந்த இடம், மட்டாஞ்சேரிப் படகுத்துறையை நோக்கி வரும் படகு. படகு அசைவதால் ஷட்டர் 1/500 நொடியோ அதைவிடக் குறைந்த நேரமோ மட்டுமே திறந்திருக்கும்படி வையுங்கள். தெருப்பக்கம் குறுகலானது, பெரும்பாலும் நிழலாகவே இருக்கும். கதவுகளுக்கும் மங்கிய பெயர்ப்பலகைகளுக்கும் அந்த நிழல் நல்லது. கூரையில் ஓடுகளுக்கு இடையே கண்ணாடி ஓடு பதித்திருந்தால், உச்சிவேளையை ஒட்டி வெளிச்சம் தூணைப்போல் தரையில் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்த பிறகு செம்புறாங்கல் சுவர்களில் பாசியின் பச்சை இன்னும் காயாமல் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பருவம் அதுதான்.

உள்ளே எடுக்கும் முறை

தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உள்ளே கும்மிருட்டு, வாசலுக்கு வெளியே கண்கூசும் காயல்: இவை இரண்டையும் ஒரே படத்தில் எந்தக் கேமராவும் எளிதில் பதிவுசெய்யாது. தானியங்கி முறையில் விட்டால், ஒன்று வாசல் வெளுத்துப்போகும், அல்லது அறை முழுவதும் கரியாகிவிடும்.

முக்காலியை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, கேமராவை மேலோ கீழோ சாய்க்காமல் சமமட்டத்தில் வையுங்கள். அப்போதுதான் தூண்களும் கதவு நிலைகளும் செங்குத்தாக நிற்கும். பதிவுமுறையை, கேமரா பதிந்ததைத் திருத்தாமல் சேமிக்கும் ரா (RAW) வடிவத்துக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8 என்று வைத்துக்கொண்டு, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கதவு நிலையின் விளிம்பில் ஃபோகஸ் செய்து, பிறகு ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். அடுத்து, அறையின் நடுத்தரப் பகுதி சரியாகத் தெரியும் ஷட்டர் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அது இரண்டு நொடி என்றால், அதே சட்டகத்தை அரை நொடியிலும் எட்டு நொடியிலும் மீண்டும் எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நான்கு மடங்கு வேறுபடுவதால், வாசலின் விவரமும் மூலையின் விவரமும் ஏதாவதொரு படத்தில் அகப்படும். அரை நொடிப் படத்திலும் வாசல் வெளுத்திருந்தால் எட்டில் ஒரு நொடியில் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவில், ஒரே சட்டகத்தை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி இருந்தால் இவை தானாகவே வரிசையாக வரும். விரல் பட்டு அசையாமலிருக்க இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்துங்கள்.

திரையில் படம் பளிச்சென்று தெரிவதை நம்பாதீர்கள். இருட்டில் எந்தத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும். இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்றிலாவது அதன் மேடு வலது சுவரில் மோதாமல் இருக்க வேண்டும். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், ஏனெனில் ஆண்டாண்டுகளாகக் கூரை வழியாக வந்து விழுந்த வெளிச்சம்தான் அந்த அறையின் தன்மை.

நெருங்கிப் பாருங்கள்

அறையை எடுத்து முடித்ததும் சுவரருகே குனியுங்கள். தோள் உயரம் வரை சில சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சு வழவழப்பாகிப் பழுப்பேறியிருக்கும். சுமைதூக்குபவர்களின் தோள்களும் கோணி மூட்டைகளும் உரசிய தடம் அது. வாசல்படிக் கல் நடுவில் குழிந்திருக்கும். விழுந்து கிடக்கும் ஓடு ஒன்றின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கலாம். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பின், இந்தக் கடற்கரை நெடுகப் பரவிய கூரை அது. இந்த எழுத்துகளையும் உளித் தடங்களையும் நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தட்டையாகிவிடும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள்.

ஒரு பொருளையும் இடம் மாற்றாதீர்கள். பழைய தராசை வெளிச்சத்துக்கு இழுத்து வைத்து எடுத்த படம் அழகாக இருக்கலாம், ஆனால் அது அந்தக் கிடங்கைப் பற்றிய சான்றாக இருக்காது.

கணினியில்

மூன்று படங்களையும் லைட்ரூம் மென்பொருளிலோ, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளிலோ ஒன்றிணையுங்கள். இணைத்தபின் நிழல்களை முழுதாகத் தூக்கிவிடும் ஆசையை அடக்குங்கள். மூலைகள் இருட்டாக இருக்கட்டும். செம்புறாங்கல்லின் செம்மையைக் கூட்ட வேண்டியதே இல்லை. நிறம் சந்தேகமாக இருந்தால், சுண்ணாம்பு உதிராத ஒரு வெள்ளைப் பகுதியை வைத்து ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) சரிசெய்யுங்கள்.

வெளியிடும்போது

படத்தோடு ஊர், மாதம், ஆண்டு, கட்டடத்தில் என்ன சரக்கு வைத்திருந்தார்கள் என்று பக்கத்தில் கேட்டறிந்த செய்தி ஆகியவற்றை எழுதுங்கள். தெருவிலிருந்து எவரும் பார்க்கக்கூடிய முகப்புக்குப் பெயரும் இடமும் போடலாம். ஆளில்லாத கிடங்கின் உட்புறப் படங்களில் மட்டும் துல்லியமான இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள். கைப்பேசிப் படங்களில் ஜிபிஎஸ் குறிப்பு தானாகவே பதிந்திருக்கும், அதையும் அழியுங்கள். பழைய தேக்குக் கதவுக்கும் பித்தளைத் தாழ்ப்பாளுக்கும் நல்ல விலை உண்டு. எந்தப் பின்கதவு திறந்து கிடக்கிறது என்பதை உங்கள் படம் திருடர்களுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது.